ரேடியோவில் நம்ம பேச்சு

இன்று சாத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் தொடங்கிய புது நாடகத்தைப் பற்றித்தான் பேச்சு. எழுதியவர் என் கணவர்.

எங்கள் ஊர்ப் பேச்சிலேயே இருக்கும் வசனம் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது, மாற்றுங்கள் என்று ரேடியோவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அவரும் அடுத்த வாரங்களுக்கானதை மாற்றத் தொடங்கியிருந்தார்.

"திருவிளாவுல அவரு போட்ட நாடகந்தேன் சிரிப்பு. இது அம்புட்டு இல்ல," என்றாள் ஒருத்தி.

எனக்கு முகம் வாடிவிட்டது.

மற்றவள் விடவில்லை. "'அங்கன வையி'ன்னு ரேடியோவுல கேட்டதும், என்னயத்தேன் சொல்றாகன்னு திரும்பிப் பாத்தேன். நம்ம பேச்சுடீ!"

அடக்க முடியாமல், "எளுதினது எங்க வீட்டுக்காரருதேன்," என்று சொல்லிவிட்டேன்.

"அப்படியாக்கா? நாடகத்துல வர்ற முத்தம்மாவ அந்த மேஸ்திரிய எதுத்துப் பேசச் சொல்லுங்கக்கா!" என்றார்கள் இருவரும்.

வீட்டுக்கு வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். மாற்றி எழுதிய தாள்களைக் கிழித்துப் போட்டார். "முத்தம்மா இப்படித்தேன் பேசுவா."

எப்போது எதிர்த்துப் பேசுவாள் என்பதை மட்டும் எனக்கே சொல்ல மாட்டேன் என்கிறார். நான் முத்தம்மா பக்கம். நீங்கள்?