படத்தில் சத்தம் எப்படி?

என் கணவர் போட் இஞ்சின் திருத்துகிறவர். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டோடு ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. கரையிலிருந்து கழற்றிக்கொண்டு வரும் இஞ்சினைத் தண்ணீர் நிரப்பிய இரும்புப் பெரலில் இறக்கி, ஸ்டார்ட் செய்து, சத்தத்தை வைத்தே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருடமாக இதே வேலை. போன வருடம், நான் பக்கத்தில் நின்று கூப்பிட்டும் திரும்பாமல் இருக்கத் தொடங்கினார். என்னோடு கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

காது கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். இடக்காது நன்றாகக் குறைந்துவிட்டது. இனி வலக்காதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய சத்தம் உள்ள இடங்களுக்குப் போகக்கூடாது. வெளியே வந்ததும், "என்ன சொன்னார்?" என்று இவர் கேட்டார். நான் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். கல்யாண வீட்டு ஸ்பீக்கர், வெடி, தியேட்டர்.

"தியேட்டருமா?" என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை விடியக் கொழும்பு பஸ் ஏறி நீர்கொழும்பில் இறங்கி ஒரு படம் பார்ப்போம். எங்களுடைய பயணம் என்றால் அது ஒன்றுதான். எந்தப் படத்துக்கு அவ்வளவு தூரம் போகலாம், எதை வீட்டிலிருந்தே ஃபோனில் பார்க்கலாம் என்று கிழமைக்கணக்கில் கதைப்போம். குடும்பச் சண்டைப் படம் என்றால் ஃபோன் போதும் என்பார். கடல், பெரிய சனக்கூட்டம், நல்ல பாட்டு இருந்தால் தியேட்டர்தான். டிரெய்லரை நான்கைந்து தடவை போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

கிளினிக்குக்குப் பிறகு அந்தத் தீர்ப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன். என் சித்தியின் மகள் நீர்கொழும்பில் இருக்கிறாள். எந்தப் புதுப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவாள். அடுத்த புதுப் படம் வந்ததும் அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"படத்தில சத்தம் எப்படி?"

அவள் சிரித்துவிட்டாள். "என்னக்கா இது? படம் எப்படி எண்டுதானே எல்லாரும் கேப்பாங்க?"

"அத விடு. சத்தம் எப்படி?"

"கதிரையே அதிருது. ஆனா படம் எண்டா படம். கட்டாயம் வாங்க."

நான் கராஜுக்குப் போய் இவருடைய வலப்பக்கமாக நின்று, "படம் சரியில்லையாம். ரெண்டாம் பாதி இழுவையாம்" என்றேன். முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப விடுவம்" என்று திரும்பிக்கொண்டார்.

அடுத்த படத்துக்கும் அப்படியே சொன்னேன். அதற்கு அடுத்ததற்கும். மூன்றாவது தடவை அவர், "இந்த வருசம் ஒரு நல்ல படமும் வரல்லப் போல" என்றார். அன்றைக்கு அவருடைய தட்டில் ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதுப் படம் வருகிறதே என்று பயந்துகொண்டிருந்தேன். யாராவது படத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் கதையை மாற்றினேன். கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போதும், யாரும் இவரிடம் ஒன்றும் சொல்லிவிடக் கூடாதே என்று பக்கத்திலேயே நின்றேன்.

கடைசியில் சொல்லிவிட்டவர், ஆலங்குடாவிலிருந்து இஞ்சின் எடுக்க வந்த ஒரு போட்காரர். வயதில் மூத்தவர். இவர் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார். இவருக்குக் காது மந்தம் என்று தெரிந்ததால் நானா கத்தித்தான் கதைப்பார். தேத்தண்ணி கொண்டுபோன எனக்கும் கேட்டது.

"பிள்ளைகளோட ரெண்டு தரம் பாத்திட்டம், தம்பி! அப்படி ஒரு படம் வந்து எத்தன வருசம்! நீங்க இன்னும் பாக்கல்லயா?"

நான் கடைசியாக இழுவை என்று சொன்ன படம் அது.

இவர் கையைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தார். நானாவுக்கு முன்னால் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சினை ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார்.

"மத்த ரெண்டும் நல்ல படமா?"

"ஓம்" என்றேன்.

"ஏன் பொய் சொன்னாய்?"

"காதுக்குத்தான். வேற என்னத்துக்கு? மிச்சமிருக்கிற காதும் போயிட்டா என்ன செய்யிற?"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. "நாள் முழுக்க இஞ்சின் ஸ்டார்ட் பண்றன். அதுக்கு நீ ஒரு நாளும் ஒண்டும் சொல்லல்ல. மூணு மணித்தியாலப் படத்த மட்டும் மறைச்சிட்டாய்" என்றார்.

கராஜை மூடச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்கவில்லை. படத்தைத் தடுப்பது சுலபமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் படத்துக்குப் போனோம். பாமசியில் காதுக்கு வைக்கும் இறப்பர் அடைப்பான் வாங்கியிருந்தேன். சண்டைக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்தால் நான் அவருடைய கையில் தட்டுவேன், அவர் அடைப்பானை வைத்துக்கொள்வார் என்று ஏற்பாடு. ஆனால் நானும் படத்தைப் பார்த்ததில்லையே. மியூசிக் ஏறும்போதெல்லாம் தட்டினேன். ஒருமுறை அப்படித் தட்டியபோது கதவைத் திறந்துகொண்டு ஒரு பூனை வந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தட்டாத இடத்தில் பெரிய வெடி வெடித்தது. அவருடைய காதுக்குள்ளே ஏதோ அறுந்துவிட்டது போல எனக்குத் தெரிந்தது. அவரோ கண் இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆஸ்பத்திரியில் மகள் தகப்பனோடு கதைக்கும் ஒரு இடம் வந்தது. மிகவும் மெதுவாகக் கதைத்தாள். தியேட்டர் முழுக்க மூச்சுக் காட்டவில்லை. இவர் என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றாள்?" என்று கேட்டார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துச் சொன்னேன். கேட்கவில்லை. அடைப்பானைக் கழற்றிப் பார்த்தார். அப்போதும் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, இவர் மட்டும் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தச் சத்தத்திலிருந்து அவரைக் காப்பாற்ற நினைத்தேனோ, படத்தில் அவருக்கு மிச்சமிருந்தது அந்தச் சத்தம்தான் என்று அங்கேதான் விளங்கியது.

சாப்பாட்டுக் கடையில் அந்தக் காட்சியை அவருக்கு எதிரே இருந்து உரக்கச் சொன்னேன். தகப்பன் என்ன கேட்டான், மகள் என்ன சொன்னாள் என்று. முழுதும் சொல்ல முடியவில்லை.

"நீயும் வடிவாப் பாக்கல்லயா?"

"நான் உங்களத்தானே பாத்துக்கொண்டிருந்தன்."

"அப்ப ரெண்டு பேரும் பாதிப் படம்தான் பாத்திருக்கிறம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் என் தம்பியிடம், அங்கே இயந்திரங்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்ளும் காதுமூடி போல ஒன்று வாங்கித் தரும்படி கேட்டேன். இவர் முதலில் மறுத்தார். காதை மூடிக்கொண்டு இஞ்சினை எப்படிப் பார்ப்பது என்றார். இரண்டு நாள் அது ஆணியிலேயே தொங்கியது. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தபோது போட்டிருந்தார். இஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒரு பக்கத்தை உயர்த்திக் கேட்பார், வேகம் கூட்டும்போது இறக்கிவிடுவார். எல்லா நாளும் போடுவதில்லை. போடாத நாளில் நான் கராஜ் வாசலில் போய் நிற்பேன்.

இப்போது இன்னொரு படம் வந்திருக்கிறது. நீர்கொழும்புத் தங்கச்சி சொன்னதை அப்படியே சொன்னேன். நல்ல படமாம், சண்டை நிறையவாம், தியேட்டரில் பார்க்க வேண்டிய படமாம். கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. அது முடிந்த பிறகு போவோம் என்றேன்.

"வேணாம். சனிக்கிழமையே போவம். காது இன்னும் குறைஞ்சிட்டு எண்டு சொல்லிட்டாங்க எண்டா, பிறகு படம் பாக்க மனம் வராது" என்றார்.

அவர் சொன்னதும் சரி, என் பயமும் சரி. சனிக்கிழமைக்குப் போகிறோம்.