நந்தியைச் சுற்றிப் போன விரல்

சில மாதங்களுக்கு முன் ஒருநாள், காலைப் பூசை முடிந்து நெற்றியில் திருநீறு உலரும் முன்பே, நான் ஒரு மனிதரைச் சுட்டு வீழ்த்தினேன்.

பதற வேண்டாம். செல்போனில்தான்.

பதிகமும் பாசுரமுமாக இந்தப் பக்கத்தை நிரப்பி வருபவனுக்கு வீடியோ கேமில் என்ன வேலை? காரணம், என் மனைவி காந்திமதியின் வலக்கை.

பக்கவாதத்திலிருந்து மீண்டவளுக்குப் பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலக்கை விரல்கள் மட்டும் மடங்கியே நின்றுவிட்டன. அன்றிலிருந்து அவள் கோயிலுக்கு வருவதில்லை. திருநீற்றை இடக்கையில் எப்படி வாங்குவது?

"நொட்டாங்கைய நீட்டிக்கிட்டு சாமி முன்னால நிக்கச் சொல்லுதியளா?" என்றாள். தென்காசிக் கோபுரவாசலில் எப்போதும் ஆளைத் தள்ளும் காற்றில் நான் மட்டும் தனியே நடந்துகொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்க மேலகரத்திலிருந்து வரும் ஜெபா, பிசைவதற்கென்று ஒரு ரப்பர் பந்து தந்தாள். அது கட்டிலுக்கு அடியில் அடைக்கலம் புகுந்தது.

"நான் என்ன பச்சப்புள்ளையா, பந்து உருட்ட?"

ஜெபா சளைக்கவில்லை. "அய்யா, போன்ல நல்ல கேமாப் பாத்துப் போட்டுக் குடுங்க. இடது கை மடியிலயே இருக்கட்டும். ஸ்க்ரீனத் தேய்க்கதுக்காவது ஆச்சி வெரல் நீளுதான்னு பாப்போம்."

ஆகவே, நான் விமர்சகன் ஆனேன்.

முதலில் போர் விளையாட்டு. புல்லின் அசைவையும் புகையின் சுழலையும் எத்தனை நுட்பமாக வரைந்திருக்கிறார்கள்! ஆனால், விழுந்தவன் மறுகணமே மறைந்துவிடுகிறான்… அவனுக்காக அழ ஒருவரும் வருவதில்லை. இதை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை.

அடுத்தது கார்ப் பந்தயம். நம் குற்றால மலையைப் போலவே ஒரு மலை, அதில் அருவி, மேகம். நின்று பார்த்தால் தோல்வி! பதிகம் பாடியவர்கள் இறைவனைச் சொல்லுமுன் மலையையும் மந்தியையும் பலாவையும் ஆற அமரப் பார்த்தவர்கள். நிற்கவிடாத வழிக்கு இத்தனை அழகு எதற்கு?

இனிப்புகளை அடுக்கும் விளையாட்டை அவளே ஒதுக்கினாள். "சுகர்க்காரி கண்ணு முன்னால லட்டா அடுக்குதான். வெளங்குவானா?"

விவசாய விளையாட்டில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அவள் வடகரையில் தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவள் அல்லவா? சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பன்னி வரல. யானை வரல. போட்டதெல்லாம் வெளையுது. எந்த ஊரு வயக்காடுங்க இது?"

இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

கடைசியாக அகப்பட்டது புதையல் தேடும் விளையாட்டு. பாழடைந்த சிவன் கோயில். கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் மறுபக்கத்திலிருக்கும் விளக்கை எடுக்கவேண்டும். எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. கோயிலுக்குள் பூட்ஸ் காலோடு ஓட்டம். சந்நிதி என்பது வெறும் ஒளியும் ஓசையும். வரைந்தவருக்குக் கல் தெரிகிறது, கல்லுக்குள் இருப்பவரைத் தெரியவில்லை.

அழிக்கப் போனேன். காந்திமதி தடுத்தாள்.

"இருங்க. நந்தி இருக்காரு."

மடங்கிய விரலின் கணுவால் திரையைத் தள்ளினாள். பொம்மை ஓடியது. நந்திக்கும் சந்நிதிக்கும் நடுவே குறுக்கே பாய்ந்தால் விளக்கு கைக்கெட்டும் தூரம். அங்கே வந்ததும் அவள் பொம்மையைத் திருப்பினாள். நந்தியின் பின்புறமாகச் சுற்றி, தூண் வரிசை முழுவதும் நடத்திக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது. தோற்றாள்.

"குறுக்க போனா ஜெயிச்சிருவிய ஆச்சி!" என்று, பயிற்சிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெபா கத்தினாள்.

"ஏட்டி, சாமிக்கும் நந்திக்கும் குறுக்க யாராவது போவாவளா? நீ சும்மா இரி."

மறுபடி ஆட்டம். மறுபடி சுற்று. மறுபடி தோல்வி… ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் திரையின் ஓரம்வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது. ஜெபா கத்துவதை நிறுத்திவிட்டு, அந்த விரலையே பார்த்தபடி என் முழங்கையைத் தொட்டாள். நானும் பார்த்தேன். திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தது கணு அல்ல, விரல்நுனி.

வாரங்கள் சென்றன. அவள் ஒருமுறைகூட விளக்கை எடுக்கவில்லை. பந்தை நாங்களும் தேடவில்லை.

நேற்று மாலை அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கோபுரவாசலில் வழக்கமான காற்று. என் கையைப் பற்றிக்கொண்டாள். சந்நிதியில் குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்தபோது, இடக்கை கீழே தாங்க, வலக்கை மேலே விரிந்தது. முழுவதும் அல்ல. ஒரு சிட்டிகை திருநீறு தங்கும் அளவுக்கு.

திருநீறு பூசிய முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளோடு நந்தியைப் பின்புறமாகச் சுற்றி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று அந்த விளையாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா நட்சத்திரங்களையும் தந்தேன். குறைகளைக் குறிப்பிடச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. பூட்ஸ் கால், ஓட்டம், ஓசை எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றை மட்டும் எழுதினேன்:

'நந்தியைச் சுற்றி வர இன்னும் சற்று நேரம் தரவும்.'