ஓடுது, காத்திருங்க

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், நாலு ஸ்கிரீன் வைத்த கம்ப்யூட்டரைச் சொந்தமாகப் போட்டவன் அந்த வட்டாரத்தில் நான்தான் முதல். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். இதை எங்கே போனாலும் நானே முதலில் சொல்லிவிடுவேன். அடுத்தவன் சொல்லித் தெரிய வேண்டாம் பாருங்கள்.

எழுபதுகளில் ஒரு பெரிய தொழிற்சாலையில், அட்டையில் துளை போட்டுக் கணக்கு ஏற்றுகிற பிரிவில், டீ வாங்கிக் கொடுக்கச் சேர்ந்தேன். கிளாஸை மேஜையில் வைக்கும்போது அவர்கள் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பேன். ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துக்கொண்டார். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அப்புறம் என்னை அதிலிருந்து எழுப்ப யாராலும் முடியவில்லை. எண்பதுகளில் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொடங்கினேன். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக் கணக்கு வந்தது, ஒரு காலேஜின் பரீட்சை மார்க் வந்தது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பஸ் கம்பெனியின் சம்பளச் சீட்டு வந்தது. துறையூர், லால்குடி, ஜீயபுரம் என்று அந்தக் கம்பெனி பஸ் போகாத ஊர் கிடையாது. அந்த ஒரு வேலை கையை விட்டுப் போனால் மற்றதெல்லாம் சேர்ந்தாலும் கடையைத் திறந்து வைக்க முடியாது. அது எனக்கும் தெரியும், பஸ் கம்பெனி மேனேஜருக்கும் தெரியும்.

இப்போது என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கை புருஷர். கணக்கில் பட்டம் வாங்கியவர், பேங்க் வேலை, ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பு. பேங்கிலேயே அவரை மெட்ராசுக்கு அனுப்பிக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் கெட்டவர் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லும்படி அவர் எதையும் செய்யவில்லை, அதுதான் கஷ்டம்.

லால்குடியில் மாமனார் வீட்டில் ஒரு காதுகுத்து. சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்:

“சின்ன மாப்ளை, இந்தக் கம்ப்யூட்டர் வந்துட்டா மனுசனுக்கு வேலையே இருக்காதாமே, நெசமா?”

“அதை அண்ணன்கிட்ட கேளுங்க மாமா. அவர்தானே கம்ப்யூட்டர் வச்சிருக்காரு” என்றார் சகலை.

“அவரு வச்சிருக்காரு. நீங்க படிச்சிருக்கீங்கள்ல?”

கூடமே தலையாட்டியது. என் மனைவியும் ஆட்டினாள். பணம் போட்டு, மெஷின் இறக்கி, ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் அங்கே ஒரு தூண் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அன்று வடை பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை.

கடையில் அப்போது ஒரு தொந்தரவு இருந்தது. பஸ் கம்பெனி சம்பளம் ஒரே புரோகிராம் இல்லை. டிரைவருக்கு ஒன்று, கண்டக்டருக்கு ஒன்று, பட்டறை ஆட்களுக்கு ஒன்று, சீட்டு அச்சடிக்க ஒன்று. எல்லாவற்றின் பெயரும் ‘பஸ்’ என்று தொடங்கும். இவற்றில் ஒன்று ஓடும்போது இன்னொரு ஸ்கிரீனில் மற்றொன்றைத் தொடங்கினால், இரண்டும் ஒரே கணக்கில் கைவைத்து எல்லாம் குழம்பிப் போகும். ஒரு தடவை அப்படி ஆகி, ஒரு கண்டக்டருக்கு டிரைவர் படி ஏறிவிட்டது. அவர் திருப்பித் தர மறுத்து, “மெஷினே சொல்லிடுச்சு, நான் டிரைவர்தான்” என்று டிப்போவில் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போனதாகக் கேள்வி.

ஆரம்பத்தில் இதற்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். குரல்தான். எதையும் தொடங்குமுன் “பஸ் ஓடுதா?” என்று கத்த வேண்டும். ஓட்டுகிறவர் “ஓடுது!” என்று பதில் கத்த வேண்டும். கீழே டீக்கடையில் நிற்கிற ஆட்கள் ஸ்ட்ரைக்கோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஆனால் வழி சுத்தமாக வேலை செய்தது. பிறகு மெஷினுக்கு ஏ.சி. வேண்டும் என்று கண்ணாடித் தடுப்பு வைத்தேன், எனக்கென்று தனி கேபினும் அதில் ஒரு ஸ்கிரீனும் போட்டுக்கொண்டேன். மலைக்கோட்டையே தெரிகிற ஜன்னல். கேபின் வந்ததும் கத்தினால் கேட்காமல் போயிற்று.

“உங்க சகலையை ஒரு ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்களேன்” என்றாள் மனைவி. “அவர் பாத்தா ஒரு நிமிசத்துல சரி பண்ணிடுவாரு.”

“ஏன், நான் பாத்தா ஆகாதா?”

“நீங்கதான் ஆறு மாசமா பாக்குறீங்களே.”

வந்தார். வேஷ்டியும் அரைக்கைச் சட்டையுமாக, கைப்பையில் அவர் மனைவி கொடுத்தனுப்பிய முறுக்கு. ஆபரேட்டர் பெண் ஒருத்தி, பாலக்கரைக்காரி, கோயில் பூசை முடிந்து நேராக வந்திருந்தாள். அவள் என்னை முதலாளி என்பாள். இவர் உள்ளே நுழைந்த உடனே “வாங்க சார்” என்றாள். எனக்குக் கிடைக்காத அந்த ‘சார்’ அவருக்கு வாசலிலேயே கிடைத்தது.

அவர் எழுதியது பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். மெஷினிடம் ‘இப்போது என்னென்ன ஓடுகிறது’ என்று கேட்டால் அது வரிசையாகக் காட்டும். யார், எந்த ஸ்கிரீன், என்ன கட்டளை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. அந்த வரிகளில் ‘பஸ்’ என்ற துண்டு எங்கேயாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். முழுப்பெயர் வேண்டியதில்லை. டிரைவரோ கண்டக்டரோ பட்டறையோ, எது ஓடினாலும் அந்தத் துண்டு மாட்டும். மாட்டினால் ‘ஓடுது, காத்திருங்க’ என்று ஸ்கிரீனில் வரும். மாட்டாவிட்டால் கேட்ட வேலையைத் தானே தொடங்கிவிடும். அதற்குக் ‘காவல்’ என்று பெயர் வைத்தார்.

“ஒரு விஷயம் பாத்துக்கணும்மா” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். “தேடுன்னு நாம குடுக்குற கட்டளையிலயே ‘பஸ்’ இருக்குல்ல? அந்தக் கட்டளையும் ஓடுற வேலைதானே. அதனால தேடுறவனும் லிஸ்ட்ல வந்து நிப்பான். அவனை முதல்ல கழிச்சிடணும். இல்லேன்னா எப்பவும் ஓடுது ஓடுதுன்னே சொல்லிக்கிட்டிருக்கும்.”

“அய்யோ, இது எனக்குத் தோணவே தோணாதுங்க சார்.”

எனக்கும் தோணியிருக்காது. அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால் சொல்லவில்லை.

அன்று ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் சரியாக நடந்தது. ஏதோ சீட்டு வாங்க வந்த பஸ் கம்பெனி மேனேஜர் நின்று பார்த்துவிட்டு, “சார் தனியா எங்கயாச்சும் ஆரம்பிக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் கடையில், என் ஃபேனுக்குக் கீழே நின்று சொன்னார். சகலை முறுக்கை நீட்டினார். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பேங்க்காரர், படிப்பு, நல்ல பேச்சு, மெஷின் வாங்க எந்த பேங்க்கும் அவருக்குக் கடன் கொடுக்கும். என் பஸ் கம்பெனியை அவர் பையில் போட்டுக்கொண்டு போக எத்தனை நேரம் ஆகும்?

மறுநாள் திங்கட்கிழமை, எல்லாருக்கும் முன்னால் நான் கடைக்குப் போய்விட்டேன். பத்து வரிதானே, அப்படி என்னதான் எழுதியிருக்கிறார் பார்க்கலாம் என்று காவலை என் பெயரில் ஒரு நகல் எடுத்தேன். அதைவிட நல்லதாக நான் ஒன்று எழுதிக் காட்டுகிறேன் என்று ஒரு வெறி. என்னுடையதற்கு ‘பஸ்1’ என்று பெயர் வைத்தேன். ஒன்றாம் நம்பர் யார்? நான்தானே. கேபினில் உட்கார்ந்து, அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வரி வரியாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோசமாகவும் போகவில்லை, மூன்று வரி எனக்குப் பிடிபட்டுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பாலக்கரைப் பெண் கதவைத் தட்டினாள்.

“மொதலாளி, நீங்க பஸ் ஏதாச்சும் ஓட்டுறீங்களா?”

“நான் எதையும் ஓட்டலையே.”

அது சத்தியமான பதில். நான் எழுதிக்கொண்டுதானே இருந்தேன்.

“காவல் ‘ஓடுது, காத்திருங்க’ன்னே சொல்லுது. யாரும் ஓட்டலை. எல்லா ஸ்கிரீன்லயும் கேட்டுட்டேன்.”

அவள் முகம் வாடியிருந்தது. எனக்கு, உண்மையைச் சொன்னால், நெஞ்சில் ஐஸ் வைத்தது போல இருந்தது. படித்தவர் எழுதியது ஒரு நாள் தாங்கவில்லை! காவலைத் தாண்டிக்கொண்டு நேராக ஓட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுதியவர் வரட்டும், எல்லார் முன்னாலும் பார்க்கட்டும் என்று பேங்க்குக்குப் போன் போட்டேன்.

“சகலை, உங்க காவல் பேயைப் பாத்துப் பயப்படுதுங்க. ஒண்ணுமில்லாததை ஓடுதுங்குது.”

“அப்படியாண்ணே? சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடறேன்.”

அதற்குள் மேனேஜர் சீட்டு வாங்க வந்துவிட்டார். டிப்போவில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். அவர் சோடாவைக் குடித்தாரே தவிர முகம் இளகவில்லை. “சாயங்காலத்துக்குள்ள சீட்டு இல்லேன்னா அடுத்த மாசம் வேற எடம் பாக்கறதைத் தவிர வழியில்லீங்க” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சகலையை மாட்டிவிட நினைத்து என் சோற்றையே அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறேனோ?

சகலை ஸ்கூட்டரில் காவேரிப் பாலத்தைத் தாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்து, ஓடுகிற வேலைகளின் வரிசையை எடுத்தார். பக்கத்தில் அந்தப் பெண் குனிந்து படித்தாள். ஒரு வரியில் இருவர் கண்ணும் நின்றது. யார் என்ற இடத்தில் நான், ஸ்கிரீன் என்ற இடத்தில் என் கேபின், கட்டளை என்ற இடத்தில் ‘பஸ்1’ என்ற ஃபைலைத் திறந்து எழுதிக்கொண்டிருப்பதாகச் சேதி. பெயரின் துண்டைத் தேடினால், ஓடுகிற பஸ்ஸும் மாட்டும், ‘பஸ்’ என்று பெயர் வைத்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறவனும் மாட்டுவான். காலையிலிருந்து காவல் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான்.

அவர் எழுந்து மெதுவாகக் கேபினுக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். என் ஸ்கிரீனை ஒரு தடவை பார்த்தார். அவருடைய பத்து வரியும், இடையில் நான் சொருகியதும் அப்படியே தெரிந்தன.

“அண்ணே, இதைக் கொஞ்சம் மூடிட்டீங்கன்னா போதும்.”

அவ்வளவுதான் சொன்னார். மூடினேன். என் மெஷின், என் ஸ்கிரீன், என் கடையில் நான் எதைத் திறந்து பார்த்தால் என்ன? இதை அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. வெளியே போய் மேனேஜரிடம், “நான் எழுதுனதுல ஒரு ஓட்டைங்க. தேடுறதை இன்னும் இறுக்கிப் பிடிச்சிருக்கணும். என் தப்பு” என்றார். உட்கார்ந்து, ஃபைல் திறந்திருப்பதைக் கழித்து, ஓடுகிறதை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார். பிரிண்டர் கடகடவென்று பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் என் கேபினைத் தாண்டிப் போகும்போது, “மொதலாளி, ஒண்ணாம் நம்பர் பஸ் டிப்போவுக்குப் போயிடுச்சுங்களா?” என்றாள். பாலக்கரை வாய்.

மேனேஜர் எழுந்து நின்றார். “நான் நேத்துச் சொன்னது விளையாட்டுக்கு இல்லீங்க. சார் தனியா போட்டா எங்க வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்.”

கதவை நான் லேசாகத் திறந்து வைத்திருந்தேன்.

“எங்க அண்ணன் கடை இருக்கும்போது நான் எதுக்குங்க தனியா?” என்றார் சகலை.

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் ஒரு சண்டை போட்டு ஆறியிருப்பேன். இப்படிக் காப்பாற்றிவிட்டாரே!

கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இந்த மனிதரை வெளியே விட்டு வைத்தால் ஆபத்து, உள்ளே வைத்துக்கொண்டால் என் ஆள் என்று ஒரு யோசனை.

“பேங்க்கை விட்டுட்டு வந்துடுங்க. பாதி பங்கு தர்றேன். போர்டுல உங்க பேரையும் போட்டுடலாம்.”

அவருக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது.

“எனக்கெதுக்குண்ணே இந்தத் தலைவலி? சாயங்காலம் பேங்க் முடிஞ்சா அம்மா மண்டபத்துல காவேரியில ஒரு முழுக்கு, அப்புறம் வீடு. ஞாயித்துக்கிழமை உங்க கடையில வந்து ஏதாச்சும் எழுதிப் பாத்தா அதுவே எனக்குச் சந்தோசம்.”

தலைவலி! டீ கிளாஸ் தூக்கியதிலிருந்து நான் கட்டி எழுப்பியது அவருக்குத் தலைவலி. என் நாற்காலி மேல் அவர் கண் இருக்கிறது என்று முதல் நாள் ராத்திரி சோறு இறங்காமல் கிடந்தேன். அவர் அந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைப் பார்த்து அவர் வயிறு எரிந்திருந்தால் மாமனார் கூடத்தில் நடந்ததைக்கூட மறந்திருப்பேன்.

ஸ்கூட்டரை உதைத்து, “வரேண்ணே” என்று போய்விட்டார்.

மாடி ஏறி வந்தேன். மேனேஜர் சூடு ஆறாத சீட்டுக் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

“நல்ல தம்பிங்க உங்களுக்கு” என்றார். “கெட்டிக்காரரு.”

“ஆமாங்க” என்றேன். “நான்தான் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.”