அசன் முகம்மதுவின் வெள்ளை மாத்திரை

1987 மார்கழியில் ஒரு விடியக்காலை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துத் தெருமுனையில் ஒருவன் முழங்காலில் கையூன்றி, துருத்தி போல இரைந்துகொண்டு நின்றான். உயிர் போகப் போகிறது என்று பயந்த வைகுண்டராஜ், டீக்கடைக்கு ஓடி ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தான்.

குனிந்தவன் தலையைத் தூக்கவில்லை. "தண்ணி இருக்கட்டும் அண்ணாச்சி. மணி என்ன?"

"ஆறு அஞ்சு."

"நேத்தைக்கு இன்னைக்கு ரெண்டு நிமிசம் தேவல."

அன்று மாலை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பார்த்தால், அடுத்த மெஷினில் அதே ஆள். பேர் அசன் முகம்மது. அப்பாவின் கழிவுப் பஞ்சு குடோனில் வேலை. அந்தத் தூசியில் சின்ன வயசிலேயே பிடித்த ஆஸ்துமா. மெல்ல நடந்து பழகு என்று டாக்டர் சொல்ல, நடந்தவன் ஓட ஆரம்பித்து, இப்போது தினமும் செண்பகத்தோப்புச் சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிறான். படிப்பு ப்ளஸ் டூவோடு சரி.

வைகுண்டராஜுக்கு உறுத்தியது அதுதான். தளவாய்புரத்தில் அவன் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் அவன். போஸ்ட் கார்டில்கூடப் பேருக்குப் பின்னால் பி.ஏ. போடுவான். டைப்பிங்கில் ஹையர் கிரேடு பாஸானால் கவர்மெண்ட் வேலைக்கு வழி உண்டு என்று மடவார் வளாகத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். ஒருமுறை ஃபெயிலாகிவிட்டான். ஆகஸ்டிலும் தவறினால் ஊருக்கு வந்து நெசவைப் பார் என்று அப்பா சொல்லியாயிற்று.

பட்டதாரியின் விரல் நிமிடத்துக்கு முப்பத்திரண்டு வார்த்தைக்கு மேல் நகரவில்லை. இரைப்புக்காரனுக்கு நாற்பத்தெட்டு. பாடத்தை ஒருதரம் படித்தால் பாதியைப் பார்க்காமலே அடித்துவிடுவான். அசனின் மெஷின் தடதடக்கையில் தன் மெஷின் நொண்டுவதுபோல வைகுண்டராஜுக்குக் கேட்கும். போதாதற்கு மாஸ்டர் ராஜரத்தினம், "ஏலே வைகுண்டம், பட்டம் ஒனக்குத்தான் குடுத்தாங்க, ஒன் வெரலுக்குக் குடுக்கலியோ?" என்பார்.

அசனிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பச்சை வல்லாரை மாத்திரை. பக்கத்தில் காகித உறையில் சின்ன வெள்ளை மாத்திரை. ஓடுவதற்கு முன்னும், இன்ஸ்டிட்யூட்டில் மெஷின் துடைக்கும் நாட்களிலும் வெள்ளையில் ஒன்றைப் போடுவான்.

"என்னலே அது?"

"பரீட்சை மாத்திரை அண்ணாச்சி," என்று சிரித்தான்.

வைகுண்டராஜ் சிரிக்கவில்லை. மறுநாளே வல்லாரை வாங்கினான். மூன்று மாதம் தின்றான். கேன்வாஸ் ஷூ வாங்கி வேறு தெருவழியாக ஓடினான். வேகம் முப்பத்து நான்கு. அப்படியானால் சூட்சுமம் அந்த வெள்ளையில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

ஆகஸ்ட் பரீட்சை ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். அவரவர் அடித்துப் பழகிய மெஷினைக் கொண்டுபோக வேண்டும். காலையில் மெஷின்களை வேனில் ஏற்றி அசன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் பை கீழே கிடந்தது. வைகுண்டராஜ் அதிலிருந்த டப்பாவைத் திறந்தான். உறையில் இரண்டே மாத்திரை. மேலே இங்கிலீஷில் பேர் எழுதியிருந்தது, எதற்கென்று எழுதியிருக்கவில்லை. ஒன்றுக்கே நாற்பத்தெட்டு என்றால் இரண்டுக்கு எம்புட்டு என்று கணக்குப் போட்டு, இரண்டையும் வாயில் போட்டுக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தில் மெஷினை இறக்கும்போதே வைகுண்டராஜின் நெஞ்சு படபடத்தது. பேப்பரைச் சொருகினால் விரல்கள் தாளம் போட்டன. வெளியே வேப்பமரத்தடியில் அசன் டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான். வேனில் வந்த தூசியும் டீசல் புகையும் இரைப்பைக் கிளப்பிவிட்டிருந்தன. பரீட்சைக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

இனி அசன் டைப் அடிக்க மாட்டான் என்று ஒரு கணம் வைகுண்டராஜுக்குள் ஏதோ குளிர்ந்தது. பக்கத்தில் போய் நின்றான். அசன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தான்.

"ரெண்டையுமா போட்டீக?"

வைகுண்டராஜ் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"எனக்கும்... மொதல்ல இப்பிடித்தான் நடுங்குச்சு. அது மூச்சுக்கு உள்ள மாத்திரை அண்ணாச்சி. ஞாபகத்துக்குன்னா பச்சைல்லா போடணும்." ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் விசில் சத்தம் கேட்டது.

வெறும் உறையைப் பிடுங்கிக்கொண்டு வைகுண்டராஜ் ஓடினான். மூன்றாவது மெடிக்கலில்தான் கிடைத்தது. அன்று ஓடியதுபோல் அவன் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் இல்லை.

மணி அடிக்கையில் அசனுக்கு இரைப்பு பாதி அடங்கியிருந்தது. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் தடதடவென்று அடித்தான். தினமும் மாத்திரை போட்டு, ஓடி, அந்த நடுக்கத்தோடே அடித்துப் பழகிய விரல் அது. வைகுண்டராஜின் தாளில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

திரும்பி வருகையில் வேனில் வைகுண்டராஜ்தான் வாயைத் திறந்தான். "திட்டித் தொலையேம்ல."

"திட்டதுக்கு மூச்சு வேணும்லா."

"வல்லாரையாவது வேலை செய்யுதா?"

"யாருக்குத் தெரியும்? டாக்டர் திங்கலாம்னாரு, திங்கேன். இரைப்பு மாத்திரைய மட்டும் அதுக்காக விட்டுராதன்னாரு. பாடத்த ஓடும்போது சொல்லிப் பாப்பேன், அது மனசுல நிக்கி."

அந்தப் பதிலுக்கும் வைகுண்டராஜுக்குப் பொறாமைதான் வந்தது. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அசன் முதல் வகுப்பில் பாஸானான். வைகுண்டராஜ் அப்பாவிடம் மன்றாடி இன்னொரு தவணை வாங்கி, அடுத்த பிப்ரவரியில் பாஸானான், இரண்டாம் வகுப்பு.

இப்போது 1996. அசன் முகம்மது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சட்டைப் பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறான், காலையில் ஓடுகிறான். வைகுண்டராஜ், பி.ஏ., ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறான்.