முதலாளி மனசு குளிரட்டும்

லாண்டரியில் அவருக்குக் கஞ்சி என்று பெயர். வேலைக்கு வந்த புதிதில் எந்தத் துணியைக் கையில் கொடுத்தாலும் “இதுக்குக் கஞ்சி போடலாமா முதலாளி?” என்று கேட்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உரித்தாலும் வரவில்லை. விறைப்பெல்லாம் பெயரில்தான். ஆள் பிழிந்து போட்ட துணி, யார் எந்தப் பக்கம் மடித்தாலும் மடிவார். “முடியாது” என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. “எனக்கு வேணும்” என்று சொல்லியும் கேட்டதில்லை. இப்படிப்பட்டவர்களைத்தான் நாம் தங்கமான மனுஷன் என்று புகழ்ந்து புகழ்ந்தே வேலை வாங்கிக்கொள்கிறோம்.

கை மட்டும் பொன்னான கை. சட்டையை விரித்தால் முதலில் காலர், அதுவும் நுனியிலிருந்து நடுவுக்கு. பிறகு தோள்பட்டை, கைப்பட்டி, கை, கடைசியில்தான் உடம்பு. இஸ்திரிப் பெட்டியின் மூக்கை பட்டனுக்குப் பட்டன் நுழைத்துத் திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். தேய்க்கும் முன் சூட்டைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்தே அவருடைய விரல் நுனிகள் மழுமழுவென்று ஆகிவிட்டன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த வெளிநாட்டு வேலைக்கு அவர் விமானம் ஏறியபோது மனைவிக்கு மூன்றாம் மாதம். மகளை முதன்முதலில் பார்த்தது போனில். நேரில் பார்த்தது இரண்டே விடுமுறைகளில். முதல் தடவை அவரைக் கண்டதும் குழந்தை வீறிட்டு அழுது அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அடுத்த தடவை பழகி, மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் மீசையைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்தபோது விடுமுறை முடிந்துவிட்டது. இந்த லாண்டரி விசாவில் குடும்பத்தைக் கூட்டிவர வழியில்லை. படுக்கக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதிலும் டெலிவரி வேன் டிரைவரோடு பங்கு.

அந்த டிரைவர்தான் சேதி கொண்டுவந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் லாண்டரியில் ஆள் எடுக்கிறார்கள். குடும்ப விசா உண்டு, குடியிருக்க வீடும் உண்டு. கஞ்சி வார லீவில் போய்ப் பேசினார், தேர்வாகியும்விட்டார். ஒரே ஒரு முட்டுக்கட்டைதான் பாக்கி. வேலை விசா, கூட்டிவந்த முதலாளியின் பெயரில் இருந்தது. “இவர் வேறு இடம் போக எனக்கு ஆட்சேபணை இல்லை” என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் போகலாம், அதுவும் இப்போதைய விசா முடிவதற்குள். மறுபடி புதுப்பித்துவிட்டாலோ இன்னும் இரண்டு வருஷத்துக்கு அசைய முடியாது. விசா முடிகிற மாதம் வரை இடத்தைப் பிடித்துவைப்பதாக ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னார்கள்.

ஆக, வாயைத் திறந்து கேட்க வேண்டும். மலையைப் புரட்டச் சொல்லியிருந்தால்கூடக் கஞ்சி மறுபேச்சில்லாமல் போய்ப் புரட்டியிருப்பார்.

“கேட்டீங்களா?” என்பாள் மனைவி, போனை எடுத்ததும்.

“இல்லம்மா. இன்னைக்கு அவர் முகமே சரியில்ல.”

அடுத்த நாளும் அதே கேள்வி.

“இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தார். அதைப் போய் நாம ஏன் கெடுக்கணும்னு...”

“அவர் சிடுசிடுன்னு இருந்தாலும் கேட்க மாட்டீங்க, சிரிச்சாலும் கேட்க மாட்டீங்க. அந்த மனுஷன் தூங்கும்போது போய்க் காதுல சொல்லிட்டு வாங்க!” என்று படக்கென்று போனை வைத்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் அவளே மறுபடி கூப்பிட்டு, “சாப்பிட்டீங்களா?” என்பாள்.

“அழுத பிள்ளைதான்பா பால் குடிக்கும்,” என்று டிரைவரும் சொல்லிப் பார்த்தார்.

“கேட்கத்தான் போறேன் அண்ணே. முதல்ல முதலாளி மனசு குளிரட்டும்.”

முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. சண்டை போட்டுவிட்டாவது கிளம்பியிருக்கலாம். அவரோ, கஞ்சி வந்திறங்கிய அன்று குளிரில் நடுங்கியதைப் பார்த்துத் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தவர். நீராவி பட்டுக் கை வெந்தபோது கூடவே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவர். கடைக்கு யார் வந்தாலும், “இவன் என் பிள்ளை மாதிரி” என்று காட்டுவார். அப்படிப்பட்டவரிடம் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதற்காகத்தான் மனசைக் குளிரவைக்கும் திட்டம்.

திட்டம் அமோகமாக நடந்தது. கஞ்சி கடை திறக்கும் முன்பே வந்து, உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் படிந்த பஞ்சையெல்லாம் வழித்தெடுத்தார். துணியில் ஆடுகிற பட்டனைக் கண்டால் யாரும் கேட்காமலே தைத்தார். கல்யாணக் கவுன் ஒன்றில் கொட்டிய மையைப் பொட்டுப் பொட்டாக ஒற்றியெடுத்து, கவுன்காரி கண்கலங்கி நன்றி சொல்லும்படி செய்தார். பெருக்குகிறவர் வராத நாளில் பெருக்கினார். இரண்டு மாதத்தில் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில், கடையில், தெருவில், எங்கும் கஞ்சி புராணம்தான். மனசு குளிர்ந்ததா என்றால் நன்றாகவே குளிர்ந்தது. இனி நாளைக்குக் கேட்டுவிடலாம் என்று கஞ்சி நாள் தள்ளிக்கொண்டே வந்தார்.

ஒருநாள் காலையில் முதலாளி கூப்பிட்டார். “டேய், நல்ல சட்டையா ஒண்ணு போட்டுட்டு வா. வெளியில ஒரு வேலை இருக்கு.”

இதுதான் சமயம், வேனில் தனியாக இருக்கும்போது கேட்டுவிடலாம் என்று கஞ்சி நினைத்தார். முதலாளி வேனைத் தானே ஓட்டிக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு வார்த்தை நுழைக்க இடம் இல்லை. வேன் போய் நின்றது விசா அலுவலகத்தின் வாசலில்.

“முழிக்காதே,” என்றார் முதலாளி, முகமெல்லாம் சிரிப்பாக. “உனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்குப் புதுப்பிக்கிறேன். பணமெல்லாம் கட்டியாச்சு. நீ கைரேகை வைக்கிறதுதான் பாக்கி. இப்படி உழைக்கிறவனுக்கு விசா முடியப்போகுதேங்கிற கவலை இருக்கக் கூடாதுல்ல?”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். முதலாளியின் சிரிப்பில் கள்ளம் இருந்திருந்தால் கஞ்சிக்குக் கோபமாவது வந்திருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “இதே இடத்துல தொடர்ந்து வேலை பார்க்க உங்களுக்குச் சம்மதமா? சம்மதம்னா விரலை வைங்க.”

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் கேட்கிற கேள்வி. முன்பெல்லாம் புதுப்பிக்கும் காகிதங்களோடு முதலாளி மட்டுமே வந்ததால், கஞ்சியிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் கை பழக்கதோஷத்தில் தானாகவே நீண்டது. இயந்திரத்தில் விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“ரேகை விழல. துடைச்சிட்டு வைங்க.”

மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு. இஸ்திரிப் பெட்டி தின்றது போக விரலில் ரேகை மிஞ்சியிருந்தால்தானே?

“இங்க குடு,” என்று முதலாளி அவர் கையைப் பிடித்தார். தன் கைக்குட்டையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, குழந்தைக்குத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டார். “பாவி, விரலெல்லாம் இப்படி ஆயிருச்சே. எனக்குத் தெரியவே தெரியாதே,” என்று முணுமுணுத்தார். “ம், இப்ப அழுத்தி வை.”

கஞ்சி கையை நீட்டவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் முதலாளி.”

“என்னடா வேணாம்?”

“எனக்குச் சம்மதம் இல்ல. நான் வேற இடம் போகணும்.” சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. “ஆஸ்பத்திரி லாண்டரியில கிடைச்சிருக்கு. அங்கன்னா பொண்டாட்டி, பொண்ணு ரெண்டு பேரையும் கூட்டிக்கலாம். எனக்கு வேணும் முதலாளி.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி காகிதங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

வேனில் ஏறி உட்கார்ந்தும் வண்டியைக் கிளப்பவில்லை. பின்னால் கம்பியில் தொங்கிய சட்டைகளின் உறைகள் காற்றில் சரசரத்தன.

“எத்தனை நாளா மனசுல இருக்கு?”

“ரெண்டு மாசமா.”

“அதான் அப்படி வேலை வேலைன்னு செஞ்சியா? எனக்கு லஞ்சமாடா குடுத்தே?”

“ஐயோ, இல்ல முதலாளி. கேட்கப் பயமா இருந்துச்சு.”

“நான் என்ன புலியா, சிங்கமா?”

கஞ்சி தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா, அதுக்கப்புறமும் உங்களை நல்லவர்னு நினைக்கணுமே. என்னால முடியாமப் போயிருமோன்னுதான் பயம்.”

முதலாளிக்குக் கோபம் வந்த மாதிரி இருந்தது, அது எங்கே போவது என்று தெரியாமல் நின்ற மாதிரியும் இருந்தது. “உன்னை மாதிரி ஒரு ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?” என்றார். பிறகு, “பொண்ணுக்கு என்ன வயசு?” என்றார்.

“அஞ்சு முடிஞ்சுது.”

“நீ இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சே...” கணக்கு விளங்கியதும் அவர் முகம் மாறியது. “என் பிள்ளை மாதிரி, என் பிள்ளை மாதிரின்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பிள்ளைக்கு ஒரு பிள்ளை இருக்கேங்கிறது என் மரமண்டைக்கு ஏறலயேடா.”

கஞ்சியின் போன் அடித்தது. எடுத்ததும் திரையில் மகளின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. போனை எப்போதும் அவ்வளவு பக்கத்தில்தான் பிடிப்பாள்.

“அப்பா, பக்கத்துல யாரு?”

“முதலாளிம்மா. வணக்கம் சொல்லு.”

அவள் வணக்கம் சொல்லவில்லை. கண்ணை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்து முதலாளியை உற்றுப் பார்த்தாள்.

“எங்க அப்பாவை எப்பத் தருவீங்க?”

பின்னாலிருந்து அம்மா பதறிப்போய், “ஏய், அப்படியெல்லாம் கேட்கக் கூடாதுடி!” என்று ஓடிவரும் சத்தம் கேட்டது. முதலாளி போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“தந்துட்டேன் தாயி. கடைக்குப் போனதும் எழுதியே குடுத்துடறேன். நீயும் அம்மாவும் வந்து கூட்டிட்டுப் போங்க.”