வளையலுக்குள் இருந்த பித்தளை

எக்ஸ்-கதிரால் உலோகத்தை ஆராயும் பாடத்தை மூன்று வாரமாகத் திருப்போரூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்த்து வருகிறேன்.

இன்று செங்கல்பட்டில் ஒரு நகைக்கடையில் பாடத்தில் காட்டிய அதே கருவி இருந்தது! ஆசை தாங்காமல், கல்யாணத்தில் மாமியார் போட்ட வளையலைக் கழற்றிக் கொடுத்தேன்.

திரையில் செம்புக்கும் துத்தநாகத்துக்கும் உயரமான கோடுகள். தங்கத்துக்குச் சின்னதாக ஒன்று.

"இன்னா மேடம், உள்ள பித்தளை கீது. மேல முலாம்தான்" என்றார் கடைக்காரர்.

பாடத்தில் பார்த்த படம் அப்படியே வருகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் பக்கத்தில் நின்ற கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

"தங்கம்னு நம்பித்தான் அம்மா உனக்குப் போட்டாங்க. சொல்லிடாத, ப்ளீஸ்" என்றார்.

வளையலை மறுபடி மாட்டிக்கொண்டேன். மாமியாருக்கு இணையம் பழக்கமில்லை என்ற தைரியத்தில் கேட்கிறேன்: நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?