முளைத்த மூட்டை

மாலத்தீவுக்குப் போகவேண்டிய வெங்காயம் கிட்டங்கியில் அடுக்கியிருந்தது. ஒரு மூட்டையின் சாக்குக் கண் வழியெல்லாம் பச்சை வெங்காயத்தாள் எட்டிப்பார்த்தது. "மேடம், இது முளைச்சிட்டு. கழிச்சிருவோமா?" என்றார் மேஸ்திரி. அந்த வாசம் என்னைப் பழைய வீட்டுக்கு இழுத்துப்போனது.

அப்பா பாய்மரத் தோணியை நடத்திய தண்டல். வெங்காயம் கொண்டுபோய் மாலத்தீவில் இறக்கிவிட்டு மாசிக் கருவாட்டோடு திரும்புவார். ஒருமுறை காற்று விழுந்து தோணி நடுக்கடலில் நாள்கணக்கில் நின்றதில் சரக்கு முளைத்துவிட்டது. அங்கே வியாபாரி முகம் சுளித்தாராம். அவர் மனைவியோ தாளைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, அடுத்த தடவையும் இதே வேண்டும் என்றாளாம்.

அடுத்த நடைக்கு அம்மா ஒரு மூட்டைக்குத் தினமும் தண்ணீர் தெளித்தாள். "ஏளா, இது அழுகி மத்த சரக்கையும் கெடுக்கப்போவுது" என்று பயந்த அப்பா, அதைத் தனியே சுக்கான் பக்கம் கட்டிக்கொண்டு போனார்.

திரும்பியவர் கையில் முழு மாசி ஒன்று இருந்தது. "இது யாவாரத்துல சேராது. அந்தப் பொம்பள ஒனக்குன்னு குடுத்துவிட்டா."

அந்த வாரம் முழுக்க, "மாலத்தீவுல எனக்கு ஆள் இருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள் அம்மா.

"கழிக்காதீங்க, என் கார்ல ஏத்துங்க" என்றேன் மேஸ்திரியிடம். வீட்டில் மாசி இருக்கிறது.